இரண்டாவது ஊசிக்கு வராத பிள்ளைகள்: வன்னியில் ஓர் எச்.பி.வி. தடுப்பூசி நிகழ்வு ஆய்வு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசியின் முதலாவது டோஸ் தரம் 6 மாணவிகளுக்கு ஏற்றப்பட்ட நாளில் அந்தப் பாடசாலைக்கு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது டோஸுக்கான சம்மதப் படிவங்கள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டபோது, கையொப்பத்தோடு திரும்பி வந்தவை பாதிக்கும் குறைவு. சில படிவங்களில் ‘வேண்டாம்’ என்று எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலானவை திரும்பி வரவே இல்லை.

இடையில் நடந்தவற்றையும், அதன்பின் அந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின் ஊழியர்களுக்கு நடத்தப்பட்ட பணியிடைப் பயிற்சி எப்படி மாற்றியமைக்கப்பட்டது என்பதையும் இங்கே எழுதுகிறேன். பயிற்சியை நடத்திய இருவரில் நானும் ஒருத்தி. பாடசாலை மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே பிரியும் கிரவல் பாதை ஒன்றில் இருக்கிறது. அதன் பெயரையும் பிரிவின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். பிள்ளைகளையும் தாய்மாரையும் ஊழியர்களையும் அடையாளம் காட்டக்கூடிய சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன். தடுப்பூசி பற்றி ஊழியர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு உள்ளவர்களுக்காகவே முதன்மையாக எழுதுகிறேன்.

பின்னணி

இலங்கையின் தேசிய நோய்த்தடுப்பு அட்டவணையில் எச்.பி.வி. தடுப்பூசி 2017 இல் சேர்க்கப்பட்டது. பத்து வயது பூர்த்தியான தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே, ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்பதே தொடங்கப்பட்டபோது இருந்த ஏற்பாடு. இந்நிகழ்வின்போது இப்பிரிவிலும் அதுவே நடைமுறை. பயன்படுத்தப்பட்டது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகை வைரஸ்களுக்கு எதிரான தடுப்பூசி. உலகில் ஏற்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு 16 உம் 18 உம் காரணம்.

தரம் 7 இல் ஆண், பெண் இரு பாலாருக்கும் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் தடுப்பூசி ஏற்றப்படுகிறது. அதைப் பற்றி வன்னியில் யாரும் கேள்வி கேட்டு நான் அறியேன். எச்.பி.வி. ஊசி பெண் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் கருப்பை என்ற சொல்லோடு வருகிறது. கேள்விகள் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

முதலாவது ஊசி நாள்

சித்திரை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய வாரம். வெயில் கடுமையாக இருந்தது. தூரத்துப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள்; பலர் காலை உணவு உண்ணவில்லை. தடுப்பூசிப் பெட்டியோடு வர வேண்டிய வாகனம் முந்திய பாடசாலையில் தாமதமாகிவிட்டது. பிள்ளைகளை எட்டு மணியிலிருந்தே விறாந்தையில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. ஊசி ஏற்றப்படுவதை வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊசி ஏற்றிக்கொண்டு எழுந்த பிள்ளைகளில் ஒருத்தி இரண்டு அடி நடந்ததும் விழுந்தாள். முகம் வெளிறி, உடல் குளிர்ந்து, வியர்த்திருந்தது. நாடி மெதுவாக அடித்தது. படுக்க வைத்துக் கால்களை உயர்த்தியதும் சில நிமிடங்களில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். இது சாதாரண மயக்கம். பதின்ம வயதை நெருங்கும் பிள்ளைகளிடம் எந்த ஊசியோடும் வரக்கூடியது.

ஆனால் அவள் விழுந்ததை வரிசை முழுவதும் கண்டது. யாரோ அலறினார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் மேலும் சில பிள்ளைகள் தலை சுற்றுகிறது, கை விறைக்கிறது, மூச்சு எடுக்க முடியவில்லை என்றார்கள். அவர்களில் ஊசி இன்னும் ஏற்றப்படாத ஒரு பிள்ளையும் இருந்தாள். இந்த ஒரு விவரமே நடந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த நேரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அம்புலன்ஸ் வந்தது. பிள்ளைகளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் அவதானிப்பில் வைத்து, பொழுதுபடுவதற்குள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எவருக்கும் ஒவ்வாமை இருக்கவில்லை.

பிள்ளைகளைத் தூக்கி அம்புலன்ஸில் ஏற்றும் காட்சியை ஒருவர் கைத்தொலைபேசியில் எடுத்திருந்தார். இரவுக்குள் அது ஊரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. மாலையில் பிள்ளைகள் சிரித்தபடி வீடு திரும்பியதை எடுத்தவர் எவருமில்லை.

தடுப்பூசியை ஒட்டி வரும் இத்தகைய கூட்டு மனஅழுத்த எதிர்வினை உலகில் புதியதல்ல. 2014 இல் கொலம்பியாவின் எல் கார்மன் தெ பொலிவார் நகரில் இதே ஊசிக்குப் பின் பெருந்தொகையான மாணவிகள் மயங்கியும் கைகால் விறைத்தும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். தடுப்பூசி மருந்து காரணமில்லை என்று விசாரணை காட்டிய பின்பும் அந்த நாட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் வீதம் வீழ்ந்தது. ஜப்பான் 2013 ஜூனில் இந்த ஊசியை முனைந்து பரிந்துரைப்பதை நிறுத்தியது. எழுபது சதவீதமளவில் இருந்த வீதம் ஒன்றுக்கும் கீழே போனது. 2022 ஏப்ரலில்தான் அங்கு பரிந்துரை மீண்டும் தொடங்கியது. இரு நாடுகளும் நம்மைவிட வளம் மிக்கவை. அங்கேயே நம்பிக்கையை மீட்க ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஆறு மாதத்தில் பரவியவை

பாதக விளைவு பற்றிய அறிக்கைப் படிவம் ஒழுங்காக நிரப்பப்பட்டு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது. விசாரணை நடந்தது, முடிவும் வந்தது. அந்த முடிவு அலுவலகக் கோப்பிலேயே இருந்துவிட்டது. மயங்கிய பிள்ளைகளின் தாய்மாருக்கு அதை யாரும் சொல்லவில்லை. இந்த நிகழ்வில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஒரு தாய் தன் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்ற பதிலுக்காக ஆறு மாதம் காத்திருந்திருக்கிறாள்.

பதில் வராத இடத்துக்கு வேறு கதைகள் வந்தன. ‘இந்த ஊசி போட்டால் பிள்ளை பெற முடியாது’ என்பது முதன்மையான கதை. ‘தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் போடுகிறார்கள்’ என்பது அடுத்தது. இந்த ஊசி இலங்கை முழுவதும், சிங்கள, முஸ்லிம், மலையகப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் ஏற்றப்படுகிறது. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தையும் எவரும் சொல்லியிருக்கவில்லை.

முதற்கதையை வெறும் வதந்தி என்று ஒதுக்கும் வெளியூர் வைத்தியர்களைக் கண்டிருக்கிறேன். வன்னியில் அப்படி ஒதுக்க முடியாது. 2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களான வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகியவற்றில் பெண்களை நெருக்கி அவர்களின் கைகளில் கருத்தடை உட்பதியம் வைத்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. செய்திகளிலும் அது வந்தது. 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கிய சனங்கள் அதைக் கேட்டார்கள். இன்று தரம் 6 இல் படிக்கும் பிள்ளையின் தாய் அப்போது இளம்பெண். அவள் ‘பிள்ளைப்பேறு பாதிக்கப்படுமா?’ என்று கேட்டால், அது அறியாமையிலிருந்து வரும் கேள்வி இல்லை. அந்தக் கேள்விக்கு முழுமையான, பொறுமையான பதில் பெறும் உரிமை அவளுக்கு இருக்கிறது.

விசாரித்தபோது

நாங்கள் முதலில் பேசியது ஊழியர்களோடு. பாடசாலை ஊசிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உழைப்பாளி, ஊரில் மதிப்புள்ளவர். பெற்றோர் கூட்டத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். “பிற்காலத்தில் வரக்கூடிய ஒரு நோய்க்கான ஊசி என்று சொன்னேன். தாய்மார் நிறைந்த கூட்டத்தில் அந்த வைரஸ் எப்படித் தொற்றுகிறது என்று நான் எப்படிச் சொல்வது, டொக்டர்?” என்றார். அவருடைய தயக்கம் நேர்மையானது. ஆனால் எந்த நோய் என்று தெளிவாகச் சொல்லப்படாத ஊசிக்கு எந்தத் தாய் மனம் ஒப்புவாள்?

குடும்பநல உத்தியோகத்தரிடம் தாய்மார் கேட்டிருக்கிறார்கள். அவர் வீடு வீடாகப் போகிறவர். ‘மிஸ்’ என்று ஊரே உரிமையோடு கூப்பிடும் பெண். “அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, பயப்படாமல் போடுங்கள் என்று சொன்னேன்” என்றார். ஆறுதலாகச் சொல்லப்பட்ட வார்த்தைகள்தாம். ஆனால் 2013 ஐ நினைவில் வைத்திருப்பவளின் காதில் அதே வார்த்தைகள் வேறு விதமாக விழும்.

அவர்களுக்குக் கிடைத்திருந்த பயிற்சி பற்றிக் கேட்டோம். ஒரு காலைப் பொழுதில், ஆங்கிலப் படவில்லைகளோடு, வைரஸின் கட்டமைப்பும் உலகப் புள்ளிவிவரங்களும் சொல்லப்பட்டிருந்தன. தடுப்பூசியைக் குளிரில் பேணும் குளிர்ச் சங்கிலி பற்றியும் ஊசி ஏற்றும் முறை பற்றியும் நன்றாகவே கற்பித்திருந்தார்கள்: 2 முதல் 8 பாகை செல்சியஸ், உறையவிடக் கூடாது, 0.5 மில்லிலீற்றர், மேற்கைத் தசையில். இவற்றில் எவரும் தவறவில்லை. தாய் ஒருத்தி வாசலில் நின்று கேட்கப்போகும் கேள்வி எதுவும் அந்தக் காலைப் பொழுதில் எழுப்பப்படவில்லை.

மூன்றாவதாக ஒன்றும் தெரியவந்தது. காய்ச்சலோடு பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோன தாய் ஒருத்தி அங்கிருந்த வைத்தியரிடம் இந்த ஊசி பற்றிக் கேட்டிருக்கிறார். “அவசரமில்லை, யோசித்துச் செய்யுங்கள்” என்பது பதில். வைத்தியர் அதை யோசிக்காமல் சொல்லியிருக்கலாம். ஊரில் அது ‘டொக்டரே வேண்டாம் என்கிறார்’ என்று பரவியது. வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் இருப்பவர்களும் தனியார் மருந்தகம் நடத்துபவர்களும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்களும் தடுப்பூசிப் பயிற்சிக்கு அழைக்கப்படுவதில்லை. தாய்மார் நம்பிக் கேட்பது அவர்களைத்தான்.

பயிற்சி

மாதாந்தக் கூட்டம் முடிந்த பிற்பகலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். பரிசோதகர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி ஆகியோரோடு இம்முறை அருகிலிருந்த வைத்தியசாலையின் வைத்தியர்களையும் தாதியரையும் அழைத்தோம். படவில்லை எதுவும் இல்லை. எல்லோருக்கும் வெற்றுத் துண்டுக் காகிதம் கொடுத்து, உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வியையோ உங்கள் மனதிலேயே உள்ள கேள்வியையோ பெயர் போடாமல் எழுதித் தாருங்கள் என்றோம்.

ஒரு துண்டில் இப்படி இருந்தது: “என் மகளுக்கு நான் இன்னும் போடவில்லை. மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வேன்?”

அதை வாசித்ததும் அறை அமைதியானது. யார் எழுதியது என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றைய பிற்பகல் முழுவதையும் அந்தத் துண்டுக்கே ஒதுக்கியதாக நினைத்துக்கொண்டு பேசினோம். சுகாதார ஊழியருக்குள்ளே இருக்கும் ஐயம் தீராமல் அவர் சொல்லும் எந்த வார்த்தைக்கும் பலமிராது என்பது என் உறுதியான கருத்து. தொடர் கல்வி என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்த ஐயம் இருப்பதையே ஏற்பதில்லை.

பிள்ளைப்பேறு பற்றிய கேள்வியிலிருந்து தொடங்கினோம். ஊசியில் வைரஸைச் சேர்ந்ததாக இருப்பது அதன் மேலுறைப் புரதம் மட்டும். நுரைமத்தில் (ஈஸ்டில்) வளர்க்கப்பட்ட அந்தப் புரதம் தானாகவே வைரஸின் வடிவில் ஒன்றுசேர்கிறது; உள்ளே மரபணு இல்லை. பாம்பு கழற்றிவிட்டுப் போன சட்டையைப் போன்றது அது: பார்த்தால் பாம்பென்று தெரியும், கடிக்காது. உடல் அதைப் பார்த்து எதிர்ப்புச் சக்தியைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. சூலகத்தையோ மாதவிடாயையோ கட்டுப்படுத்தும் ஹோர்மோன் எதுவும் அதில் இல்லை. கருத்தடை உட்பதியத்தில் உள்ள மருந்து வகைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 2017 இல், 27 கோடிக்கு மேற்பட்ட டோஸ்கள் வழங்கப்பட்ட பின் சான்றுகளை மீளாய்வு செய்து, இந்தத் தடுப்பூசி மிகமிகப் பாதுகாப்பானது என்று கூறியது. இது பிள்ளைப்பேற்றைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

இதற்கு மேல் ஒன்றையும் சொன்னோம். ஒரு பெண்ணின் பிள்ளைப்பேற்றை உண்மையில் பறிப்பது இந்தப் புற்றுநோய். கருப்பையை அகற்ற வேண்டிவரும். கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் சூலகங்கள் செயலிழக்கும். அதற்கு வன்னிப் பெண் தெல்லிப்பழைக்கோ அதைவிடத் தூரத்துக்கோ வாரக்கணக்கில் போய்வர வேண்டும். கூலி வேலை போகும். பிள்ளைகளைப் பார்க்க ஆள் இராது. அறையிலிருந்த குடும்பநல உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவருக்கும் அப்படியான ஒரு பெண்ணைத் தெரிந்திருந்தது. அவர்களே பேசத் தொடங்கினார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்து வந்தது ஒழுக்கம் பற்றிய கேள்வி. “ஒரு புருஷனோடு ஒழுங்காக வாழ்ந்த என் அக்காவுக்கு இந்தப் புற்றுநோய் ஏன் வந்தது?” என்று ஒரு துண்டில் இருந்தது. எச்.பி.வி. பாலுறவின் வழியே தொற்றும் மிகப் பரவலான வைரஸ். பாலுறவு வாழ்வில் ஈடுபடும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு காலத்தில் தொற்றியே தீரும். பத்தில் ஒன்பது பேரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானாகவே நீக்கிவிடும். நீங்காமல் தங்கிவிடும் சிலரிடம் அது 15, 20 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் இன்னும் விரைவாக. ஆகவே இந்த நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. போரில் கணவனை இழந்த பெண்கள் இத்தனை பேர் வாழும் மண்ணில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிளினிக் வாசலில் காணப்பட்டாலே ஊர் கதைக்கும் என்று அஞ்சி வராதவர்கள் அவர்கள்.

ஏன் பத்து வயதில்? வைரஸ் உடலைச் சந்திப்பதற்கு முன்பே ஊசி போட வேண்டும். தொற்றிய பின் போட்டால் அந்தத் தொற்றை அது குணப்படுத்தாது. 9 முதல் 14 வயது வரையான உடல் இந்த ஊசிக்கு வளர்ந்தவர்களைவிட வலுவாக எதிர்வினை காட்டுகிறது. இதைச் சொல்லத் தயங்கிய பரிசோதகருக்குத் தாதிய சகோதரி ஒரு வழி காட்டினார்: “குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் சின்னமுத்து ஊசி போடுகிறோம். நோய் வந்த பிறகா போடுகிறோம்?” எங்கள் விளக்கங்களைவிட இது அவருக்கு உதவியது.

ஆண் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை என்று பலர் கேட்டிருந்தார்கள். ஆண்களுக்கும் இந்த வைரஸால் தொண்டை, குதவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்கள் வரும். 2007 இல் தேசிய அளவில் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கிய அவுஸ்திரேலியா 2013 இலிருந்து ஆண் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறது. கிடைக்கும் தடுப்பூசியைக் கொண்டு அதிக உயிர்களைக் காக்கும் வழி முதலில் பெண் பிள்ளைகளுக்குப் போடுவது என்பதாலேயே நம்மைப் போன்ற நாடுகள் அங்கிருந்து தொடங்குகின்றன.

சில கேள்விகளுக்குச் சுருக்கமான பதிலே போதுமாக இருந்தது. மாதவிடாய் நாளில் ஊசி போடலாம். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கும் போடலாம். ஆஸ்துமா தடையில்லை. கடுமையான காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். முந்திய டோஸுக்கோ அதன் கூறு ஒன்றுக்கோ கடும் ஒவ்வாமை கண்டிருந்தால் கொடுக்கக் கூடாது. இரண்டாவது டோஸ் எவ்வளவு தாமதித்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

மிகக் கூர்மையான கேள்வி இளம் வைத்தியர் ஒருவரிடமிருந்து வந்தது: “ஒரு டோஸே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டதே. பிறகு ஏன் இரண்டாவதுக்காக இவ்வளவு பாடுபட வேண்டும்?” கேள்வி நியாயமானது. 9 முதல் 20 வயது வரையானவர்களுக்கு ஒரு டோஸையும் மாற்று அட்டவணையாகப் பயன்படுத்தலாம் என்று 2022 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. கென்யாவில் 15 முதல் 20 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வில், 18 மாதங்களின் பின், 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரு டோஸ் 97.5 சதவீதச் செயற்திறன் காட்டியது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் குறைந்தது இரண்டு டோஸ், முடிந்தால் மூன்று.

எனவே முதலாவது டோஸோடு நின்றுவிட்ட பிள்ளைகள் பாதுகாப்பற்றவர்கள் என்று தாய்மாரை அச்சுறுத்த வேண்டியதில்லை, அச்சுறுத்தவும் கூடாது. நடைமுறையில் உள்ள அட்டவணைப்படி இரண்டையும் பூர்த்திசெய்ய அழைக்க வேண்டும். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. இந்தப் பிள்ளைகளின் தங்கைமார் அடுத்த ஆண்டு தரம் 6 க்கு வருகிறார்கள். ஊரின் ஐயம் தீராவிட்டால் அவர்களுக்கு ஒரு டோஸ்கூடக் கிடைக்காது. இரண்டாவது டோஸின் எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்பட்ட அலுவலகத்துக்கு இதை உணர்த்தச் சற்று நேரமெடுத்தது.

புற்றுநோயை உண்மையிலேயே தடுக்கிறதா, அல்லது தொற்றை மட்டுமா என்பதும் கேட்கப்பட்டது. சுவீடனில் 2020 இல் வெளியான, ஏறத்தாழ 17 இலட்சம் பெண்களை உள்ளடக்கிய ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது. இங்கிலாந்தில் 12–13 வயதில் போட்டவர்களிடம் 87 சதவீதம் குறைந்ததாக 2021 இல் வெளியான ஆய்வு காட்டியது. தன் மகளுக்குப் போடாதிருந்தவர் யாராக இருந்தாலும், அவருக்கு இந்த இரண்டு எண்கள் போதும் என்று நம்பினேன்.

பிற்பகலின் கடைசிப் பகுதியில் இருவர் இருவராக நடித்துப் பார்த்தார்கள். ஒருவர் தாய், மற்றவர் ஊழியர். மேலைநாட்டுப் பயிற்சிகளில் ‘இன்று பிள்ளைக்கு ஊசி போடுகிறோம்’ என்று அறிவிப்பாகத் தொடங்கச் சொல்வார்கள். அங்கு அது பயன் தருகிறது. வன்னியில் அதிகாரத்தின் அறிவிப்புகளைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர்களிடம் அதே தொனியில் பேசுவது தவறு என்று நினைக்கிறேன். நாங்கள் பழக்கியது இதை: எந்த நோய் என்று பெயர் சொல்வது, எனது பரிந்துரை இது என்று தெளிவாகச் சொல்வது, தீர்மானம் உங்களுடையது என்று சேர்ப்பது, பிறகு அவர் பேசும்வரை காத்திருப்பது. கடைசிப் பகுதியே ஊழியர்களுக்குக் கடினமாக இருந்தது.

ஊசி நாளின் ஒழுங்கும் திருத்தப்பட்டது. பிள்ளைகள் காலையில் உண்டார்களா என்று ஆசிரியர் கேட்டறிவார். தடுப்பூசி வந்த பின்பே சிறு குழுக்களாக அழைப்பார்கள். மற்றவர்கள் காணாதபடி மறைப்பு இருக்கும். உட்கார்ந்தபடி ஊசி, அதன்பின் 15 நிமிடம் உட்கார்ந்தபடியே அவதானிப்பு. மயக்கத்துக்கும் கடும் ஒவ்வாமைக்கும் உள்ள வேறுபாட்டை எல்லோரும் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்: மயக்கத்தில் நாடி மெதுவாகும், தோல் வெளிறும், படுக்க வைத்தால் தெளியும், ஒவ்வாமையில் நாடி விரையும், தடிப்பும் வீக்கமும் மூச்சு இழுப்பும் வரும். அது மிக அரிது. வந்தால் ஒரு கணமும் தாமதிக்காமல் 1:1000 அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்ற வேண்டும்.

வாசல்களில்

முதலில் மயங்கிய பிள்ளைகளின் வீடுகளுக்கே போனார்கள். பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் சேர்ந்து போய், விசாரணையின் முடிவைத் தமிழில் எழுதிய ஒரு தாளோடு உட்கார்ந்து பேசினார்கள். ‘இதை அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும்’ என்றார் ஒரு தகப்பன். சொல்லியிருக்க வேண்டும் என்று பரிசோதகர் ஒப்புக்கொண்டார். அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த வாரம் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டாள்.

பாடசாலையில் தாய்மாருக்கான கூட்டம் மறுபடியும் நடந்தது. இம்முறை கேள்விகளை முதலில் எடுத்தார்கள். பேசியவர் குடும்பநல உத்தியோகத்தர். 2013 பற்றி ஒரு தாய் நேரடியாகவே கேட்டார். “நீங்கள் கேட்பது சரி. அப்படியான கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன், இருங்கள்” என்று மிஸ் தொடங்கினார். முன்பிருந்த பயிற்சியோடு அவர் இப்படிப் பேசியிருக்க மாட்டார்.

ஒரு தாய்

மறுத்தவர்களில் ஒருவர் ஐம்பதை நெருங்குபவர்; தரம் 6 இல் படிப்பது அவருடைய கடைக்குட்டி. மகளைப் பற்றிப் பேசி முடித்தபின் மிஸ் அவரிடம், “அக்கா, நீங்கள் எப்போதாவது பாப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களைக் கண்டறியும் பரிசோதனை அது. இல்லை என்றார்.

இலங்கையில் இந்தப் பரிசோதனை நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 இல் தொடங்கப்பட்டவை. 35 வயதிலும் பின்னர் 45 வயதிலும் பெண்களைப் பரிசோதனைக்கு அழைப்பது வழக்கம். இந்தத் தாய்க்கு 35 வயதானபோது அவர் மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து காணி துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். 45 வயதானபோது கொரோனா, கிளினிக்குகள் முடங்கியிருந்தன. 1975, 76 இல் பிறந்த வன்னிப் பெண்களின் நிலை பெரும்பாலும் இதுதான். இரண்டு அழைப்புகளும் அவர்களைத் தொடாமல் கடந்துவிட்டன. வயதுப் பட்டியலை வைத்து மட்டும் அழைத்தால் இனி ஒருபோதும் அழைக்கப்பட மாட்டார்கள். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் கண்டதில்லை. மகளுக்கான ஊசி பற்றிய உரையாடலே தாயின் பரிசோதனைக்கும் வாசல் என்பதை இப்போது எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லி வருகிறோம்.

அவருக்கு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. பரிசோதனை முடிவு இயல்பாக வரவில்லை. மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். ஒரு நாள் கூலி போகும் என்று முதற்தவணைக்குப் போகவில்லை. மிஸ் மறுபடியும் வீட்டுக்குப் போய்த் தேதி எடுத்துக் கொடுத்தார். கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் கொல்போஸ்கோப்பிப் பரிசோதனையில் உயர்தர முன்புற்றுநோய் மாற்றம் உறுதியானது. மின்வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்தார்கள். அன்றே வீடு திரும்பினார். தொடர்ந்து பல ஆண்டுகள் அவரைப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். அந்தத் தேதிகள் மிஸ்ஸின் பதிவேட்டில் இருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர் 17 இல் அறிவித்த இலக்கு 90–70–90 எனப்படுகிறது: 2030 க்குள் 90 சதவீதப் பெண் பிள்ளைகள் 15 வயதுக்குள் ஊசி பெற வேண்டும், 70 சதவீதப் பெண்கள் 35 வயதுக்குள்ளும் 45 வயதுக்குள்ளும் பரிசோதிக்கப்பட வேண்டும், நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினர் சிகிச்சை பெற வேண்டும். நடுவில் உள்ள 70 தான் வன்னிக்கு மிகத் தூரத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஊசி போட்ட பெண்ணும் பிற்காலத்தில் பரிசோதனைக்கு வர வேண்டும், ஏனெனில் இந்த ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை என்பதையும் ஊழியர் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இப்போதைய நிலை

அந்த வகுப்பின் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவது டோஸைப் பெற்றுவிட்டார்கள். அடுத்த ஆண்டு தரம் 6 இல் முதலாவது ஊசி மயக்கமோ கூச்சலோ இன்றி நடந்தது. இரண்டு குடும்பங்கள் இன்னும் மறுக்கின்றன. அவர்களை எவரும் நெருக்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வழக்கமாகப் போகும்போது பேசுகிறார். இடையில் வேறு மாவட்டத்துக்கு இடம்மாறிப்போன பிள்ளைகளின் இரண்டாவது டோஸ் பற்றி உறுதிசெய்ய முடியவில்லை. அவர்களின் தடுப்பூசி அட்டைப் பிரதிகளைப் புதிய பாடசாலைகளின் பிரிவுகளுக்கு அனுப்பும் வேலையைப் பரிசோதகர் ஏற்றிருக்கிறார். வெளிநோயாளர் பிரிவு வைத்தியர்களில் பாதிப்பேர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கான பயிற்சியில் அந்தத் துண்டுக் காகிதக் கேள்விகளையே முதலில் வாசித்துக் காட்டப்போகிறோம்.